டெல்லிக்குத் தனியாகப் போகிறீர்களா? திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள்

டெல்லியில் எதையெல்லாம் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன், எந்த நேரத்து விமானத்தில் ஊர் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். கோவில்பட்டியில் அஞ்சலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அறுபத்தோராவது வயதில், ஒரு ஜனவரி மாதம் ஐந்து நாட்கள் தனியாக டெல்லி போய் வந்தேன். பார்க்க வேண்டிய இடங்களுக்கு இரண்டு மாதம் குறிப்பெடுத்தேன். திரும்பும் டிக்கெட்டை மட்டும், எது விலை குறைவோ அதை எடுக்கும்படி அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன். சென்னைக்குக் காலை 7.05 விமானம் கிடைத்தது. அன்று நாங்கள் புறப்பட்டபோது மாலை 4.35 மணி.

டெல்லியின் மூடுபனியைப் பற்றித் தெற்கே இருக்கும் நமக்கு அனுபவம் கிடையாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டியுள்ள ஈரக் காற்று பனியாகத் திரள்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு கனத்து, விடியும் நேரத்தில் மிகவும் அடர்த்தியாகி, வெயில் ஏறிய பிறகுதான் பெரும்பாலான நாட்களில் கலைகிறது. ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே தரையிறங்க உதவும் கருவிகள் டெல்லியில் இருக்கின்றன. ஆனால் அதற்கான வசதி விமானத்திலும், அதற்கான பயிற்சி விமானியிடமும் இருக்க வேண்டும். புறப்படுவதற்கோ இன்னும் அதிக தூரம் தெரிந்தாக வேண்டும். அதிகாலை விமானம் மலிவாகக் கிடைத்தாலும் அந்த மாதங்களில் வேண்டாம். பிற்பகல் 1 மணியிலிருந்து 4 மணிக்குள் புறப்படுவதைப் பாருங்கள். அதற்கும் பிந்தினால், காலையில் தொடங்கிய தாமதங்களெல்லாம் சேர்ந்து உங்கள் விமானத்தின் தலையில் விழும். அதிகாலை விமானத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. மூன்றரை மணி இருட்டில், முன்னே போகும் வண்டியின் பின்விளக்கு மட்டும் தெரியும் சாலையில், டாக்சியில் தனியாகப் போனேன். அது உங்களுக்கு வேண்டாம்.

ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து குடியரசு தின ஒத்திகைகளுக்காகக் காலையில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவைப்பார்கள். செங்கோட்டையும் அந்த நாட்களில் மூடியிருக்கும். பொங்கலுக்கு முன்பே போய்வந்துவிடுங்கள், அல்லது பிப்ரவரி பாதிக்கு மேல் போங்கள்.

டிக்கெட்டை யார் எடுத்தாலும் தொலைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். அக்கா மகன் ஒரு பயண முகவர் மூலம் எடுத்த என் டிக்கெட்டில் முகவரின் எண் இருந்தது. விமான நிறுவனம் அனுப்பிய செய்திகள் எல்லாம் அவருக்குப் போயின. விமானம் ரத்தானதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இழப்பீடு கேட்கலாம் என்ற விதி இருக்கிறது. ஆனால் சரியான தொடர்பு எண் கொடுக்காத பயணிக்கு அந்த உரிமை கிடையாது. முகவரி தப்பாக எழுதிய கடிதம் எங்கே போகும் என்பதைப் பார்த்தே வாழ்ந்தவள் நான். இதைக் கவனிக்காமல் விட்டதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

தங்குவதற்கு, மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இடம் பாருங்கள். நான் கரோல் பாக்கில் தங்கினேன். விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலிருந்து புதுடெல்லி ரயில் நிலையத்துக்குத் தனி மெட்ரோ இருபது நிமிடங்களில் கொண்டுவந்து சேர்க்கிறது. எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் இரண்டு முறை படியுங்கள். முதல் முனையம் வேறொரு மெட்ரோ வழியில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மெட்ரோவில் வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. நடைமேடையிலேயே இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதியிருப்பார்கள். பாதுகாப்புச் சோதனைக்கும் பெண்களுக்குத் தனி வரிசை உண்டு. ஐந்து நாளும் நான் அந்தப் பெட்டியில்தான் போனேன். இந்தி அரைகுறையாகத் தெரிந்த எனக்கு வழி சொல்ல, ‘ஆன்ட்டி’ என்று அழைத்தபடி யாராவது ஒரு பெண் எழுந்து வந்தாள்.

இடங்களைப் பட்டியலாக எழுதாமல் மெட்ரோ வழிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை, ஜும்மா மசூதி, டெல்லி கேட் மூன்றும் ஊதா வழியில் அடுத்தடுத்த நிலையங்கள். சாந்தினி சௌக், லோதி தோட்டத்துக்கு அருகிலுள்ள ஜோர் பாக், குதுப் மினார் மூன்றும் மஞ்சள் வழியில். திங்கட்கிழமை செங்கோட்டைக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. குதுப் மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டை முந்தின இரவே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம்.

குதுப் மினாரில் எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். 73 மீட்டர் உயரம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே வளாகத்தில் இருக்கும் இரும்புத் தூணின் பக்கத்தில் நின்று சற்று நேரம் பாருங்கள். குப்தர் காலத்தது, ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழையும் வெயிலும் பட்டது. ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த இரும்பைத் துரு தின்றுவிடவில்லை. தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை பத்தரை சென்டிமீட்டர்தான். பாடப் புத்தகத்தில் பார்த்துப் பெரிதாக நினைத்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறுமி இடுப்பில் கை வைத்து நிற்கும் நிமிர்வைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாம்.

காந்தி ஸ்மிருதிக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். முன்பு பிர்லா மாளிகை என்று அழைக்கப்பட்ட வீடு அது. காந்தி தம் கடைசி 144 நாட்களை அங்கே கழித்தார். அவர் இருந்த அறையில் தரையில் ஒரு மெத்தை, ஒரு சிறிய மேசை. அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரை, 1948 ஜனவரி 30 மாலை அவர் நடந்த வழியில், அடிச்சுவடுகளைக் கல்லில் செய்து பதித்திருக்கிறார்கள். அவை சட்டென்று ஓர் இடத்தில் நின்றுவிடுகின்றன. சுற்றுலாக் குழு ஒன்று வந்து, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது. என்னை அவசரப்படுத்த யாரும் இல்லை. புல்வெளி ஓரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தனியாகப் போவதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி இதுதான். இங்கேயும் திங்கட்கிழமை விடுமுறை, கட்டணம் கிடையாது.

கான் மார்க்கெட் பக்கம் போனால் சுப்பிரமணிய பாரதி மார்க் என்ற பெயர்ப் பலகையைத் தேடிப் பாருங்கள். எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி என்பதால் அந்தப் பலகை முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எடுத்துக் கொடுத்தவர் ஓர் ஆட்டோக்காரர். யார் இவர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன், முழுதாகச் சொல்ல வரவில்லை.

தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருந்தால், வருகிற எல்லோருக்கும் உணவு பரிமாறும் பங்களா சாகிப் குருத்வாரா என்ற சீக்கியர் கோயிலுக்குப் போங்கள். செருப்பை விட்டு, தலையை மூடிக்கொண்டு, பந்தியில் உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்க வேண்டும். யாருடன் வந்தாய் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. சாப்பிட்டபின் பாத்திரம் கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நானும் நின்றேன். சாந்தினி சௌக்கில் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ‘தௌலத் கி சாட்’ என்ற பால் நுரை இனிப்பைக் காலையிலேயே தேடிப் போங்கள். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும்.

குருத்வாராவிலிருந்து நடக்கும் தூரத்தில் கோல் டாக் கானா என்ற வட்ட வடிவக் கட்டடம் இருக்கிறது. அதுதான் புதுடெல்லியின் தலைமை அஞ்சலகம். விமானத்தில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. வாங்கிய சால்வைகளையும், உடுத்தி முடித்த கம்பளி உடைகளையும் ஒரு பார்சலாகக் கட்டி அங்கிருந்து ஊருக்கு அனுப்பிவிட்டேன். கையில் சிறிய பை மட்டும் இருந்தது, கடைசி நாளில் என்னைக் காப்பாற்றியது.

அந்தக் கடைசி நாள்

விமான நிலையத்தின் உள்ளே போனபோது பலகையில் 8.30 என்று மாறியிருந்தது. பிறகு 10.15. பிறகு 12.40. ஒவ்வொரு முறையும் பலகைதான் மாறியது, ஒருவரும் வந்து எதுவும் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு நல்ல வெயில் வந்து, மற்ற விமானங்கள் கண்ணெதிரே புறப்பட்டன. எங்களுக்கு உரிய விமானம் முந்தின இரவு டெல்லிக்கே வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த நிலை உங்களுக்கு வந்தால், ‘எத்தனை மணிக்குப் புறப்படும்’ என்று கேட்காதீர்கள். ‘எங்களை ஏற்றும் விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது? விமானிகள் வந்துவிட்டார்களா?’ என்று கேளுங்கள். விமானிகளுக்கு வேலை நேர வரம்பு உண்டு, காத்திருந்தே அது தீர்ந்துபோகலாம். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மீதியை நீங்களே கணக்கிடலாம்.

சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். சென்னை போல இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஐந்து மணி நேரத்துக்குள் பறக்கும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ‘மூடுபனிக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்றார் கவுன்டரில் இருந்த இளைஞர். பனி போன்ற காரணத்தால் இழப்பீட்டுப் பணம் கேட்க முடியாது என்பது சரி. ஆனாலும் உணவைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. விதியைக் கைபேசியில் திறந்து காட்டினேன். பதினொன்றரைக்கு எல்லோருக்கும் உணவுச் சீட்டு வந்தது. கைக்குழந்தையுடன் இருந்த ஒரு திருநெல்வேலிப் பெண், ‘கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரியாமல் இருந்துவிட்டேனே, அம்மா’ என்றாள். அதுவரை அவளும் நானும் சாப்பிட்டது என் பையிலிருந்த கடலை மிட்டாய். கைப்பையில் இரண்டு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். மறுநாள் காலை ஆறு மணி விமானம் தருவதாகச் சொன்னார்கள். மறுபடியும் அதே பனி. மறுத்துவிட்டேன். நீங்களும் மறுநாள் காலையை ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள்.

என்னுடைய பெரிய இழப்பு வேறு. சென்னையிலிருந்து மதுரைக்கு இன்னொரு நிறுவனத்தில் தனி டிக்கெட். ஒரே முன்பதிவில் இரண்டு விமானமும் இருந்தால், முதலாவது தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. காலை பத்து மணிக்கே, டெல்லியில் உட்கார்ந்தபடி, அந்த டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றியிருக்கலாம். நம்பிக்கொண்டே இருந்து விட்டுவிட்டேன். அப்படி விமானத்தைத் தவறவிட்டாலும் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டும். நான் ஊருக்கு வந்து கேட்டு வாங்கினேன்.

மூன்று மணி வாக்கில், இனி வான்வழியை நம்புவதில்லை என்று முடிவெடுத்து, கிளாம்பாக்கத்திலிருந்து கோவில்பட்டி வழியாகப் போகும் அரசு விரைவுப் பேருந்தில் இடம் பதிவு செய்தேன். சென்னையில் இறங்கியபோது ஏழரை. கையில் சிறிய பை மட்டும் என்பதால் பெட்டிக்குக் காத்திருக்காமல் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து தெற்கே போகும் பஸ்ஸைப் பிடித்தேன். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்: விமான நிலையமும் கிளாம்பாக்கமும் ஒரே சாலையில் இருக்கின்றன.

விமான நிலையத்தை விட்டு வருமுன் ஒரு வேலை இருக்கிறது. தாமதத்துக்கான சான்றை நேரமும் காரணமும் எழுதி வாங்குங்கள். முத்திரையும் தேதியும் உள்ள ஒரு தாளின் மதிப்பு எனக்குத் தெரியும். தரமாட்டோம் என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், பலகை மாறும் ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதி, பதில் சரியில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யலாம். எனக்கு நிறுவனத்திடமிருந்து முதலில் வந்தது, பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பும் மன்னிப்புக் கடிதம். பலகைப் படங்கள் ஆறையும் இணைத்து ஏர்சேவாவில் போட்டபிறகு, என் விமான எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, தாமதம் ஒன்பதரை மணி நேரம் என்று ஒப்புக்கொண்டு ஒரு பதில் வந்தது. அதை அச்செடுத்து, டெல்லி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.