மலைக்காட்டில் ஆள் நடமாட்டம் பறவைகளை என்ன செய்கிறது? கணக்கெடுக்கும் முறை

திருநெல்வேலி மாவட்டத்து மலையிலுள்ள மாஞ்சோலையில், சாலையோரத்தில் காலையில் ஒரு மணி நேரம் நின்றால் பறவைப் பட்டியல் மளமளவென்று நீளும். காக்காச்சிப் பக்கத்து அடர்காட்டுக்குள் அதே ஒரு மணி நேரம் நின்றால் பாதிகூடத் தேறாமல் போகலாம். அதை வைத்து, "நடமாட்டத்தால் பறவைகளுக்குக் குறைவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாலையோரத்தில் கூடியிருப்பவை மைனா, புள்ளிப்புறா, குண்டுக்கரிச்சான். கீழே விக்கிரமசிங்கபுரத்து வீட்டுத் தோட்டத்திலும் இவற்றைப் பார்க்கலாம். காட்டுப் பறவைகளான தீக்காக்கையும் மரகதப்புறாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை வகை என்பதைவிட எந்தெந்த வகை என்பதே இங்கே முக்கியம். கீழே சொல்லும் வேலை முழுதும் அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் அனுமதி. 1988 முதல் இந்த மலை களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். சாலையில் நின்று பறவை பார்ப்பது வேறு, காட்டுக்குள் இடம் குறித்து ஆய்வு செய்வது வேறு. இரண்டாவதற்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. கூடவே வனக்காவலரோ, காட்டை அறிந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒருவரோ வர வேண்டும். யானை, கரடி, காட்டுமாடு நடமாடும் இடம் என்பது ஒரு காரணம். பல பறவைகளைக் குரலை வைத்தே பிரித்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியும் என்பது இன்னொன்று.

இடம் தேர்வதில்தான் பெரும்பாலான கணக்குகள் கெட்டுப்போகின்றன. முண்டந்துறையின் காய்ந்த காட்டையும் நாலுமுக்கு மேட்டின் பசுமைக்காட்டையும் ஒப்பிட்டால் கிடைப்பது உயரத்தின் வேறுபாடு, மனிதனின் தடம் அல்ல. ஒப்பிடும் இடங்கள் ஒரே வகைக் காடாக இருக்க வேண்டும். உயர வித்தியாசம் 100 மீட்டருக்குள் நிற்க வேண்டும். நின்று எண்ணும் இடங்களை, அதாவது புள்ளிகளை, நடமாட்டம் உள்ள பகுதியில் 12, இல்லாத பகுதியில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு இடையே குறைந்தது 200 மீட்டர் இடைவெளி விட்டால்தான் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணாமல் இருக்கலாம். ஓடையிலிருந்து 100 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மலைச்சாலைகள் பல இடங்களில் ஓடையை ஒட்டியே போகும். தண்ணீர் இரைச்சலில் குரல் கேட்காமல் போனால், சாலையால் பறவை குறைந்தது என்று தப்பாக எழுதிவிடுவோம்.

எண்ணும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், குளிர்கால விருந்தாளிகளும் இருப்பார்கள், உள்ளூர்ப் பறவைகள் பாடத் தொடங்கியிருக்கும். நன்றாக விடிந்த பிறகு தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். புள்ளிக்கு வந்ததும் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நாம் நடந்து வந்த கலவரம் அடங்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் எண்ணிக்கை. நிற்கும் இடத்திலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள் பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். 30 மீட்டருக்குள்ளா வெளியேயா என்று தனியாகக் குறியுங்கள். திறந்த வெளியில் தொலைவில் இருப்பதும் கண்ணில் படும், அடர்காட்டில் பக்கத்தில் இருப்பதுகூட மறைந்துவிடும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் திறந்தவெளிக்கு இலவச மதிப்பெண் போய்விடும். தூரத்தைக் கண் பழக, ஒரு நாள் 30 மீட்டர் கயிற்றைக் காட்டிலேயே நீட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று முறை, வெவ்வேறு நாளில் போங்கள். வழக்கமாக நேரும் பிழை ஒன்று உண்டு. சாலைப் புள்ளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அவற்றை ஆறரை மணிக்கே முடித்துவிட்டு, உட்காட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது ஆகிவிடும். அதற்குள் பாட்டு அடங்கியிருக்கும். இரண்டாம் நாள் வரிசையைத் தலைகீழாக்குங்கள். சில்வண்டுகள் கத்தத் தொடங்கினால் எண்ணிக்கையை நிறுத்துங்கள். சின்னக் குக்குறுவான் விடாமல் கூப்பிடும் காலையில் அதன் குரலுக்கு அடியில் மற்றவை மறையும், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குரல் போட்டுப் பறவையை வரவழைக்கவே கூடாது. தொந்தரவை அளக்கப் போய் நாமே தொந்தரவாகிவிடுவோம், எண்ணிக்கையும் பொய்யாகும். குரலை அடையாளம் காட்டும் செயலி சொன்னதையும் காதால் உறுதி செய்யாமல் எழுத வேண்டாம்.

அடுத்து, தொந்தரவையும் எண்ணாக எழுத வேண்டும். "அதிகம்", "குறைவு" என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள். எண்ணிக்கை முடிந்ததும் புள்ளியிலிருந்து நான்கு திசையிலும் 25 மீட்டர் நடந்து, ஐந்து மீட்டருக்கு ஒரு முறை பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வழியாக நேர் மேலே பாருங்கள். இலை தெரிகிறதா, வானம் தெரிகிறதா? மொத்தம் 20 பார்வை. 17-ல் இலை என்றால் விதானம், அதாவது தலைக்கு மேல் உள்ள இலைக்கூரை, 85 சதவீதம். அதே 20 இடத்திலும் இரண்டு மீட்டர் கம்பை நட்டு, எத்தனை இலை கம்பைத் தொடுகிறது என்று எண்ணினால் கீழ்ச்செடியின் அடர்த்தி கிடைக்கும். 10 மீட்டர் வட்டத்துக்குள் 30 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரங்கள், வெட்டிய அடிக்கட்டைகள், நிற்கும் பட்ட மரங்கள் மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அடிமரத்தில் பலகைபோல் விரியும் பலகைவேர் இருந்தால் அதற்கு மேலே. அரிவாள் வெட்டுக்கும் காற்றில் முறிந்ததற்கும் வித்தியாசம் தெரியும்: வெட்டு வழவழப்பாகச் சாய்ந்திருக்கும், முறிவு நார் நாராகப் பிய்ந்திருக்கும். கடந்து போன ஆட்கள், வண்டிகள், மாட்டுச்சாணம், நாய்த்தடம் இவற்றுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

இவ்வளவு பிரித்து எழுதுவதற்குக் காரணம், ஒவ்வொரு தொந்தரவும் வேறு வேறு பறவையைத் தொடுகிறது. ஏலத்தோட்டத்தில் மேலே பெருமரங்கள் நிற்கும், கீழ்ச்செடியைத்தான் சுத்தம் செய்வார்கள். அங்கே இருவாச்சி வந்து பழம் தின்னும். தரையை ஒட்டி இரை தேடும் சிலம்பன்கள் குறையும். விறகுக்காகப் பட்ட மரத்தை எடுத்தால் காடு பச்சையாகவே தெரியும், ஆனால் பொந்து குடையும் மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் வீடு போயிற்று. தேயிலை என்றால் எல்லா அடுக்கும் போய்விட்டது. "தோட்டம்" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்தால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பறவைகளை மூன்றாகப் பிரியுங்கள்: அடர்காட்டை விட்டு வராதவை, காட்டிலும் தோட்டத்திலும் இருப்பவை, ஊர்ப்பறவைகள். ஓரத்தில் இருப்பதெல்லாம் ஊர்ப்பறவை அல்ல. இந்த அகத்தியமலைப் பக்கத்துக்கே உரிய அசம்புச் சிரிப்பான் உயர்ந்த மலையில் காட்டோரப் புதர்களில் சாதாரணமாகவே திரியும். அதை மைனாவோடு சேர்த்துவிடாதீர்கள். பிறகு வகைக்கு வகை கணக்குப் போடுங்கள். 12 புள்ளி, மூன்று முறை, மொத்தம் 36 எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக, தீக்காக்கை உட்காட்டில் 9 முறை பதிவானால் ஓர் எண்ணிக்கைக்கு 0.25, சாலைப்பக்கம் 2 முறை என்றால் 0.06. ஒரே ஒரு முறை பதிவான பறவையை வைத்து எந்த முடிவும் எழுத வேண்டாம்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்தின் பாதிப்பை அளக்க இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன், திருவிழா நாள்கள், இரண்டு வாரம் பின் என்று அதே புள்ளிகளில் எண்ணுங்கள். கூட்டம் போகாத ஆற்றோரம் ஒன்றிலும் அதே நாள்களில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் மழையின் வேலையும் கூட்டத்தின் வேலையும் கலந்துவிடும். ஆடியில் ஆற்றோரம் கரும்சாம்பல் வாலாட்டியைக் காணோம் என்றால் கூட்டத்தைக் குறை சொல்லக் கூடாது. அது குளிர்காலத்துக்கு வலசை வரும் பறவை, இன்னும் வந்திருக்காது.

இருவாச்சிக் கூடு கண்ணில் பட்டால் எண்ணிக்கையை விட்டுவிட்டு விலகுங்கள். பெட்டை பொந்துக்குள் வாயிலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதற்கும் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவரும் இரைதான் சோறு. நாம் கீழே நின்றால் ஆண் தயங்கித் திரும்பிவிடும். கூட்டின் இடத்தை இணையத்தில் ஏற்ற வேண்டாம், வனத்துறைக்கு மட்டும் சொல்லுங்கள்.

மாஞ்சோலைக்கு இந்தக் கணக்கு இப்போது அவசரமாகத் தேவை. இங்குள்ள தோட்ட நிலத்துக்குச் சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டுக்குக் கொடுத்த குத்தகையின் காலம் 2028 வரைதான். தேயிலை காடாக மாறுமானால், எந்தப் பறவை எப்போது திரும்பி வந்தது என்று சொல்ல இன்றைய பதிவு வேண்டும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, நேரம், எண்ணியவர் பெயர் எல்லாம் தாளில் இருக்கட்டும். நான்கு திசையிலும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். மரத்தில் ஆணி அடிக்காமல், பெயிண்ட் பூசாமல், பக்கத்துப் பாறையையோ வளைவையோ அடையாளமாக எழுதினால் பத்து வருடம் கழித்து வருகிறவரும் அதே இடத்தில் நிற்க முடியும்.