போதை மீட்பு மருந்தை நாட்பட்ட வலிக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பயிற்சியில் இருக்கும் ஒரு இளம் மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்தேன். முதுகுத்தண்டு வலியோடு பல வருடங்களாக மார்ஃபின் எடுத்துவந்த நோயாளியை, போதை மீட்புக்குத் தரும் புப்ரினார்ஃபினுக்கு மாற்றியிருந்தார். அந்த முடிவு சரி. கீழே "8 மி.கி., காலையில் ஒரு வேளை" என்று இருந்தது. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் எழுதிய அதே வரி.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவர் சொல்லாமல் டோஸைக் கூட்டாதீர்கள், அடுத்தவர் மாத்திரையை எடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றுக்குள் போகவில்லை. விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று எழுதுவது

இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது. என் நோயாளி ஒருவர் இதற்குக் கொடுத்த விலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவருக்கு முதுகில் இரண்டு அறுவை சிகிச்சைகள் முடிந்திருந்தன. வலி போகவில்லை. மார்ஃபின் டோஸ் வருடாவருடம் ஏறிக்கொண்டே போனது, பலன் குறைந்துகொண்டே வந்தது. புப்ரினார்ஃபினுக்கு மாற்றினேன். அந்த மருந்தைக் கையாள நான் கற்றுக்கொண்டது போதை மீட்புப் பிரிவில். அங்கே காலையில் வருவார்கள், நாக்குக்கு அடியில் மாத்திரையை வைப்பார்கள், போய்விடுவார்கள். அதையே இவருக்கும் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். "காலையில நல்லா இருக்கு டாக்டர், மூணு மணிக்கு மேல தாங்க முடியல" என்றார். டோஸ் போதவில்லை என்று நினைத்து 12 ஆக்கினேன். அடுத்த முறையும் அதே மூன்று மணி. 16 ஆக்கினேன். அப்போதும் அதே மூன்று மணி. டோஸை இரண்டு மடங்கு ஆக்கியும் வலி திரும்பும் நேரம் நகரவில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

அவருக்கு உறைத்திருந்தது. தானாகவே மாத்திரையை உடைத்து, ஒரு பாதியைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. நான்தான் "அறிவுரைப்படி மருந்து எடுப்பதில்லை" என்று கோப்பில் எழுதினேன். போதை மீட்பு மருந்து எடுப்பவரின் கோப்பில் அந்த ஒரு வரி இருந்தால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் முதலில் சந்தேகப்படத்தான் செய்வார். அப்படியேதான் நடந்தது. அவசரப் பிரிவில் ஒரு இரவு, வலியில் துடித்தவரிடம் மருந்துக்காக நடிக்கிறாரா என்கிற மாதிரி கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதற்கு அடித்தளம் போட்டது என் கையெழுத்து.

கடைசியில் எங்கள் செவிலியர் ஒருவர்தான் கேட்டார்: "இதையே மூணாப் பிரிச்சுக் கொடுத்தா என்ன டாக்டர்?" மொத்த அளவை 12 ஆகக் குறைத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி. என்று மாற்றினோம். பத்து நாளில் அவர் இரவு தூங்க ஆரம்பித்தார். முன்பைவிடக் குறைந்த மருந்தில். அதற்குள் ஆறு மாதம் வீணாகிவிட்டது, அவருடைய வேலையும் போயிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? மார்ஃபின் மாதிரியான மருந்துகள் மூளையில் போய் ஒட்டும் இடமான மியூ ஏற்பியை புப்ரினார்ஃபின் இறுகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். அதனால் பழகிய மருந்து நிற்கும்போது வரும் விலகல் அறிகுறிகளை 24 மணி நேரமும், சில சமயம் அதற்கு மேலும் அடக்கி வைக்கும். வலியைக் குறைக்கும் வேலை மட்டும் 6 முதல் 8 மணி நேரத்தில் தணிந்துவிடும். நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை, வயிற்றுப் பிரட்டல் இல்லை, வலி மட்டும் திரும்பிவிட்டது என்று நோயாளி சொல்வது இதனால்தான். மருந்து அவர் உடம்பில் இருக்கிறது, வலிக்கான அதன் வேலை நேரம் முடிந்துவிட்டது. ஆகவே ஒரு நாள் அளவை மூன்றாகவோ நான்காகவோ பிரிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மருந்து உருவானதே வலிக்காகத்தான். 1966-இல் இங்கிலாந்தில் ரெக்கிட் அண்ட் கோல்மன் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1978-இல் அங்கே வலிக்கான ஊசியாகச் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் போதை மீட்புக்கான அனுமதி கிடைத்தது 2002-இல். போதை மீட்புக்கு ஒரு வேளை போதும் என்று அந்தப் பயன்பாட்டுக்கு வகுத்த நேரக் கணக்கை நாம் திரும்ப வலிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மெத்தடோனில் இதே தவறு

புப்ரினார்ஃபினில் இந்தத் தவறு நோயாளியை வலியில் விடும். இன்னொரு போதை மீட்பு மருந்தான மெத்தடோனில் உயிரையே எடுத்துவிடும்.

மெத்தடோனின் வலி நிவாரணம் 4 முதல் 8 மணி நேரம். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய 8 மணி நேரம் ஆகலாம், 59 மணி நேரமும் ஆகலாம். ஆளுக்கு ஆள் மாறும். காலையில் ஒரு வேளை என்று எழுதினால், சாயங்காலம் வலிக்கும்போது நோயாளி இன்னொரு மாத்திரையைப் போடுவார். முதல் நாள் ஒன்றும் ஆகாது. இரண்டாம் நாளும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழைய டோஸ் வெளியேறுவதற்குள் புதியது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

நான் பார்த்த ஒருவரை நான்காம் நாள் காலையில் வீட்டாரால் எழுப்ப முடியவில்லை. முந்தின நாள் முழுக்க அசந்து அசந்து தூங்கியிருக்கிறார், குறட்டை பலமாக இருந்திருக்கிறது. 'பாவம், வலி குறைந்து நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிட்டார்கள். இந்த வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் நாலோக்சோனைக் கொடுத்ததும் கண் திறந்தார், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூச்சு மந்தமானது. நாலோக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மெத்தடோன் உள்ளேயே இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடர்ந்து ஏற்றித்தான் அவரைக் காப்பாற்ற முடிந்தது.

அதனால் மெத்தடோன் தொடங்கும்போது குறைந்த டோஸில், பிரித்துக் கொடுங்கள். ஒரு டோஸ் ரத்தத்தில் சீரான நிலைக்கு வர ஐந்து நாளாவது ஆகும், அதற்குள் கூட்டாதீர்கள். பகல் தூக்கம், வழக்கமில்லாத குறட்டை, பேச்சு குழறுவது இவற்றை எச்சரிக்கையாக எடுக்கும்படி வீட்டில் இருப்பவர்களிடம் நேரில் சொல்லுங்கள். நாலோக்சோனை வீட்டில் வைத்திருக்கச் செய்து, எப்படிக் கொடுப்பது என்றும் காட்டுங்கள்.

மார்ஃபின் டோஸிலிருந்து மெத்தடோன் டோஸைக் கணக்கிடும்போது ஒரே விகிதத்தால் வகுக்காதீர்கள். மார்ஃபின் அளவு கூடக் கூட, அதற்கு ஈடாகத் தேவைப்படும் மெத்தடோன் விகிதப்படி குறைந்துகொண்டே போகும். சின்ன டோஸுக்குப் பொருந்தும் கணக்கைப் பெரிய டோஸுக்குப் போட்டால் ஆபத்தான அளவு வந்து நிற்கும்.

ஈசிஜி எடுக்காமல் தொடங்கவும் கூடாது. ஒரு துடிப்பில் இதயம் மின்ரீதியாகச் சுருங்கித் தளர எடுக்கும் நேரமான கியூடி இடைவெளியை மெத்தடோன் நீட்டும். வாந்திக்கான ஆன்டான்செட்ரான், கிளாரித்ரோமைசின் மாதிரியான ஆன்டிபயாடிக் சேரும்போது இன்னும் நீளும்.

மார்ஃபின் உடம்பில் இருக்கும்போதே புப்ரினார்ஃபினைத் தொடங்குவது

புப்ரினார்ஃபின் ஏற்பியில் மார்ஃபின் மாதிரியான மற்ற ஓபியாய்டுகளை இடித்துத் தள்ளிவிட்டு உட்காரும். ஆனால் அவை செய்த வேலையில் ஒரு பகுதியைத்தான் அது செய்யும். அந்த வித்தியாசத்தை உடம்பு சட்டென்று உணரும்: வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், பதற்றம், கூடவே பல மடங்கு வலி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி முடிவு செய்துவிடுவார். ஒருமுறை அப்படி அனுபவப்பட்டவரைத் திரும்ப அந்த மருந்துக்குச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

குறுகிய நேர ஓபியாய்டு என்றால் 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, விலகல் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த பிறகு தொடங்குவது பழைய வழி. மெத்தடோனிலிருந்து மாறுவதானால் இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும். போதை மீட்பில் இது நடக்கும். வலியோடு இருப்பவரை ஒரு நாள் முழுக்க மருந்தில்லாமல் காத்திருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட முறையில், பழைய ஓபியாய்டை நிறுத்தாமலே மிகச் சிறிய அளவில் புப்ரினார்ஃபினைத் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, போதுமான அளவு வந்த பிறகு பழையதை நிறுத்துகிறார்கள். நான் இப்போது பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறேன்.

மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் ஒன்றாக நினைப்பது

வலிக்காகத் தோலில் ஒட்டும் புப்ரினார்ஃபின் பேட்ச் மைக்ரோகிராமில் வருகிறது, போதை மீட்பு மாத்திரை மில்லிகிராமில். மணிக்கு 20 மைக்ரோகிராம் விடும் பேட்ச் ஒரு நாளைக்குக் கொடுப்பது 480 மைக்ரோகிராம், அரை மில்லிகிராம்கூட இல்லை. நாக்கடியில் வைக்கும் 2 மி.கி. மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும் என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஒரே மாத்திரை பேட்சின் ஒரு நாள் அளவைத் தாண்டிவிடும். ஓபியாய்டே பழகாத வயதானவருக்கு அதை எழுதிவிட்டு, தலைசுற்றி விழுந்துவிட்டார் என்று வியப்பதில் பொருளில்லை. அவருக்கு பேட்ச்தான்.

அறுவை சிகிச்சைக்காக நிறுத்திவிடுவது

புப்ரினார்ஃபின் இருந்தால் மற்ற வலி மருந்து எதுவும் வேலை செய்யாது என்று பயந்து, சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லும் வழக்கம் இருந்தது. அதனால் வலியும் விலகலும் சேர்ந்து வாட்ட நோயாளி அறுவை அரங்குக்கு வருவார். முடிந்த பிறகு திரும்பத் தொடங்குவதும் சிக்கல். இப்போது தொடர்வதே பொதுவான அறிவுரை. மேலே முழு வீரியமுள்ள ஓபியாய்டைச் சேர்க்கலாம், நரம்பு மரத்துப்போகும் ஊசி போடலாம், கெட்டமின் கொடுக்கலாம். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மாத்திரையை விழுங்குவது

விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கடியில் முழுதும் கரையட்டும்.

கரைந்ததும் பல் தேய்ப்பது

தண்ணீரால் வாயை அலசி விழுங்கிவிட்டு, பல் தேய்க்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல் சிதைவு பற்றி 2022-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது இதற்காகத்தான்.

பேட்ச் மேல் வெந்நீர்ப் பை

கூடவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும்.

தூக்க மாத்திரை, மது

புப்ரினார்ஃபின் மூச்சை அடக்குவதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு என்று படித்துவிட்டுச் சிலர் தைரியமாக டயசிபாமைச் சேர்க்கிறார்கள். சேர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

சிறுநீர்ச் சோதனையை வைத்துக் குற்றம் சாட்டுவது

வழக்கமான ஓபியேட் சோதனை மார்ஃபின், கோடீன் வகையைத்தான் பிடிக்கும். புப்ரினார்ஃபினுக்கும் மெத்தடோனுக்கும் தனிச் சோதனை கேட்க வேண்டும். அது தெரியாமல், ஒழுங்காக மருந்து எடுத்தவரிடம் "எடுக்காமல் வெளியே விற்கிறீர்களா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நால்ட்ரெக்சோனைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது

இதுவும் போதை மீட்பு மருந்துதான், வழக்கமான அளவு 50 மி.கி. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா போன்றவற்றுக்கு 4.5 மி.கி. அளவில் முயன்று பார்க்கிறார்கள். சிலருக்கு உதவுகிறது, ஆய்வு முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. அளவு சின்னது என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. இது ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் மருந்து. "நீங்கள் ஓபியாய்டு எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் நோயாளி இல்லை என்பார். தான் போடும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் ஓபியாய்டு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எந்த மருந்து என்று நோயாளியிடம் சொல்லாமல் எழுதுவது

சீட்டை வாங்கிக்கொண்டு போவார், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிப்பார், 'போதைக்கு அடிமையானவர்களுக்கு' என்று இருக்கும். சிலர் அந்த நிமிடமே பெட்டியை மூடிவிடுவார்கள். சிலர் என்னைப் பற்றி டாக்டர் இப்படித்தான் நினைக்கிறாரா என்று மனம் நொந்துபோவார்கள். பல வருடம் ஓபியாய்டு எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், நிறுத்தினால் விலகல் வரும். அது போதை அடிமைத்தனம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிக் கோப்பில் எழுதாதீர்கள்.

நான் இப்போது மருந்தைப் பற்றிப் பேசும்போதே பெட்டியைப் பிரித்து, அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்துவிடுகிறேன். இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது, உங்களுக்கு இதை எதற்காகத் தருகிறேன், மூன்று வேளையாக ஏன் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன். வேளை வேளையாக நேரத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்கிறேன். அந்த இளம் மருத்துவரும் போன வெள்ளிக்கிழமை தன் நோயாளியைத் திரும்ப வரவழைத்து, அந்தச் சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்தார்.