வெளிநாட்டுக்காரன் கைப்பத்தின ஊரைத் திருப்பிக் குடுக்கணுமா? பட்டிமன்றத்துக்கு ரெடி ஆகுறது எப்படி

இந்த மாதிரி தலைப்பு குடுத்தா ஒடனே லண்டன் பாரீஸ்னு போகாதீங்க, நம்ம டெல்டாவுலயே ரெண்டு ஊரு பக்கத்துப் பக்கத்துல இருக்கு, தரங்கம்பாடி, காரைக்கால், அங்கேருந்து ஆரம்பிங்க.

மொதல்ல கேக்க வேண்டியது, அந்த ஊரு ஜனங்கள யாராச்சும் கேட்டாங்களா? தரங்கம்பாடில டென்மார்க்காரன் 1620-ல ரகுநாத நாயக்கர்கிட்ட எடம் வாங்கி கடலப் பாத்த மாதிரி டான்ஸ்போர்க் கோட்டைய கட்டினான், 1845-ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போய்ட்டான், அங்க வலை போட்டுப் பொழைக்கிற சனத்த ஒரு வார்த்தை கேக்கல, இத நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

பிரெஞ்சுக்காரன் கையில இருந்த காரைக்கால் கதை வேற. 1954 அக்டோபர் 18 புதுச்சேரி பக்கம் கீழூர்ல, ஜனங்க தேர்ந்தெடுத்த 178 பிரதிநிதிங்க ஓட்டு போட்டு 170 பேரு இந்தியாவோட சேரணும்னாங்க, நவம்பர் 1 நிர்வாகம் கை மாறிடுச்சு, ஆனா சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு. விருப்பப்பட்டவங்க பிரெஞ்சு குடியுரிமைய வச்சுக்கலாம்னும் விட்டாங்க. "ஜனங்க நேரடியா ஓட்டு போடலயே"ன்னு எதிரணி கண்டிப்பா மடக்கும், பதில் கையில இருக்கட்டும்.

திருப்பிக் குடுக்க வேண்டாம், வச்சுக்கலாம்னு பேசுறவங்க, அர்ஜென்டினா தன்னோடதுன்னு கேக்குற பிரிட்டனோட ஃபாக்லாந்து தீவ எடுப்பாங்க, 2013-ல அங்க நடந்த வாக்கெடுப்புல பிரிட்டனோட இருக்க எதிர்த்து விழுந்தது வெறும் 3 ஓட்டு. அத மறுக்காதீங்க, ஒத்துக்கிட்டு இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற சாகோஸ் தீவுக்கு வாங்க, அமெரிக்க ராணுவ தளத்துக்காக பிரிட்டன் அங்க இருந்த ஜனங்கள மொத்தமா வெளியேத்துச்சு. அப்படித் தொரத்தப்பட்ட ஜனங்களுக்கும் ஓட்டு உண்டான்னு கேளுங்க, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.