டிராக்டருக்கும் டவருக்கும் டிவிஎஸ் டயோட் தெரிவு செய்யிறது எப்பிடி?

டிவிஎஸ் டயோட் எண்டது லைன்ல திடீரெண்டு ஏறுற வோல்டேஜை (சர்ஜ்) வெட்டிப் பின்னால இருக்கிற சாமானைக் காப்பாத்திற டயோட். டிராக்டருக்கு ஜிபிஎஸ், போன் சார்ஜர் பூட்டிக் குடுக்கிற பெடியள் "அண்ணை, 12 வோல்ட் லைனுக்கு 12 வோல்ட் டயோட் தானே?" எண்டு கேப்பினம். இல்லையடா தம்பி, இஞ்சின் ஓடேக்க லைன்ல 14 வோல்ட்டுக்கு மேல நிக்கும், அந்த டயோட் சும்மா இருந்தே சூடாகிச் செத்துப்போகும்.

முதல்ல பாக்க வேண்டியது லைன்ல கொஞ்ச நேரமாவது நிண்டு வரக்கூடிய ஆகக்கூடின வோல்டேஜ். எங்கட பக்கம் பற்றரி இறங்கினா லொறியின்ர 24 வோல்ட்டைக் குடுத்தும் ஸ்டார்ட் பண்ணுவினம், அதால ஸ்டான்ட்-ஓஃப், அதாவது டயோட் வேலை செய்யத் தொடங்காமல் சும்மா நிக்கிற ஆகக்கூடின வோல்டேஜ், 24 உள்ளதை எடுங்கோ.

அடுத்தது கிளாம்பிங், அதாவது சர்ஜ் வரேக்க டயோட் எத்தினை வோல்ட்டுக்கு மேல ஏற விடாமல் பிடிக்குது எண்டது. 24 வோல்ட் ஸ்டான்ட்-ஓஃப் உள்ள எஸ்எம்பிஜே24ஏ டயோட் தான் தாங்கக்கூடிய முழுக் கரண்டிலயும் 38.9 வோல்ட்டுக்குள்ள பிடிக்கும். பின்னால இருக்கிற, வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கிற எல்எம்2596 போர்ட் 40 வோல்ட் தாங்கும், மயிரிழையில சரி. 30 வோல்ட் தான் தாங்குமெண்டா வேற ஐசி பாருங்கோ.

இனித்தான் முக்கியமான இடம். விதைப்பு நேரம் ஒரு பற்றரியால ரெண்டு மெசினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு இஞ்சின் ஓட ஓடவே டெர்மினலைக் கழட்டுவினம் பாருங்கோ, அந்த நேரம் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த கரண்ட் போக இடமில்லாமல் லைன் 100 வோல்ட் வரைக்கும் ஏறும், இதுதான் லோட் டம்ப். வண்டி எலெக்ட்ரிக் சாமானுக்கான ஐஎஸ்ஓ 16750-2 டெஸ்ட்ல இது 40 தொடக்கம் 400 மில்லிசெக்கன் வரை நீளும். ஆனா எஸ்எம்பிஜேயின்ர 600 வாட் எண்டது ஒரு மில்லிசெக்கன் அளவு பல்ஸுக்குச் சொன்ன கணக்கு! கரண்டையும் போட்டுப் பாருங்கோ: 100இல 39ஐக் கழிச்சு, அல்டனேட்டர் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம் எண்டு வச்சுப் பிரிச்சா 30.5 அம்பியர், எஸ்எம்பிஜே24ஏ தாங்கிறது 15.4 தான். அதால எஸ்எம்8எஸ்24ஏ மாதிரிப் பெரிய டயோட் போடுங்கோ, விலை கூடத்தான், ஆனா அல்டனேட்டரே லோட் டம்ப்பை 35 வோல்ட்டில வெட்டுற வண்டியெண்டா அவ்வளவு பெரிசு தேவைப்படாது. டயோட்டுக்கு முன்னால பியூஸ் கட்டாயம், ஏனெண்டா டிவிஎஸ் பழுதானா பெரும்பாலும் ஷோர்ட் ஆகும்.

24 வோல்ட் லொறி, பஸ்ஸுக்கு ஸ்டான்ட்-ஓஃப் 36 எடுத்து இதே கணக்கைப் போடலாம்.

போன் டவர்ப் பக்கம் வந்தா மைனஸ் 48 வோல்ட். பற்றரி சார்ஜ் ஏறேக்க 57 வரை போகும், அதால ஸ்டான்ட்-ஓஃப் 58 எடுங்கோ. எஸ்எம்சிஜே58ஏ 93.6 வோல்ட்டில கிளாம்ப் பண்ணும், பின்னால 100 வோல்ட் பாகங்கள் இருக்கோணும். அங்க பொசிட்டிவ் தான் ஏர்த், டயோட்டின்ர கோடு போட்ட பக்கம் ஏர்த் பக்கம் வரோணும், மாறிப் போட்டா பவர் குடுத்த உடன பியூஸ் போகும். ஐப்பசி மாச இடிக்கு டயோட்டை மட்டும் நம்பிறது விசர் வேலை, முன்னால இடியின்ர சர்ஜை ஏர்த்துக்கு இறக்கிற பெரிய அரெஸ்டர் இருக்கோணும்.

எங்க போட்டாலும் கனெக்டருக்குப் பக்கத்தில, டயோட்டின்ர கம்பிக் காலைக் குட்டையா வெட்டிப் பத்தவையுங்கோ, நீளக் கால் விட்டா வேகமான சர்ஜ் வரேக்க அந்தக் கம்பியிலயே மேலதிகமா வோல்டேஜ் ஏறும்.