எல்லையோர ஊரிலிருந்து இணையத் திரைப்பட விழாவுக்கு: முதல் கதைக் குறும்படத்தை அனுப்பும் முறை

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் போன்ற பாலக்காட்டு எல்லையோர ஊர்களில் கைப்பேசியிலேயே கதைக் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் பலர், படம் முடிந்த அன்றே அதை யூடியூபில் ஏற்றிவிட்டு, அதன் பிறகுதான் திரைப்பட விழாக்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. பொதுவில் ஏற்கெனவே வெளியான படத்தை ஏற்காத விழாக்கள் உண்டு. ஆகவே படப்பிடிப்புக்கு முன்பே விழாவின் விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

படி 1: விழாவைத் தேர்ந்தெடுத்தல்

இணைய விழாக்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. 2020 மே 29 முதல் ஜூன் 7 வரை நடந்த ‘வீ ஆர் ஒன்’ விழா, யூடியூபில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி நடந்தது. வேறு சில விழாக்கள் நுழைவுச் சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட நாட்டுக்குள் மட்டும் படத்தைத் திறந்து வைக்கும். உங்கள் படம் எந்தெந்த நாடுகளில், எத்தனை நாட்கள் காட்டப்படும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கேரள மாநில சலச்சித்திர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவைப் போன்ற திரையரங்க விழாவுக்கும் பிறகு அனுப்பும் எண்ணம் இருந்தால், இரண்டின் விதிகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீள வரம்பு விழாவுக்கு விழா மாறும். ஆஸ்கார் விதிப்படி, பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடங்களுக்கு மிகாத படமே குறும்படம். ஆனால் முதல் படத்துக்கு 12 நிமிடங்களே போதும் என்பது என் கருத்து. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்கள் வழியாகப் பெறப்படுகின்றன. அங்கே கடைசித் தேதி நெருங்க நெருங்கப் பல விழாக்களின் கட்டணம் ஏறும். மாதந்தோறும் விருது அறிவித்து, பணம் கட்டியவர் எல்லாருக்கும் சான்றிதழ் தரும் விழாக்களை நாடாதீர்கள்; அந்தக் கட்டணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்கலாம்.

படி 2: ஒலியையும் ஒளியையும் கவனித்தல்

இணைய விழாவின் பார்வையாளர் உங்கள் படத்தைத் தனியாக, சிறிய திரையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறார். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாயில் வெறும் பேச்சல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளிப்புறக் காட்சி எடுப்பவர்கள், சட்டையில் குத்தும் சிறிய மைக்கிற்குக்கூடக் காற்றிரைச்சலைத் தடுக்கும் ரோம உறை போட்டே ஆக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும், எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 விநாடிகள் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையே ஒலி அறுந்து அறுந்து விழுவதைப் படத்தொகுப்பில் மறைக்க இது உதவும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்காமல் இருக்க விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), ஷட்டர் 1/50 விநாடி என்று அமைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலியில் இதைச் செய்யலாம். கைப்பேசியின் சாதாரணக் கேமரா செயலி சட்டக வேகத்தைத் தானாகவே கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதால், படத்தொகுப்பில் உதட்டசைவும் குரலும் போகப் போக விலகக்கூடும். அப்படிப் பதிவான கோப்புகளை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான சட்டக வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்குங்கள்.

படி 3: பாட்டு உரிமை

டீக்கடைக் காட்சியில் பின்னணியில் ஒலிக்கும் சினிமாப் பாட்டை அப்படியே விடக் கூடாது. கடைக்காரரிடம் கேட்டு வானொலியை நிறுத்திவிட்டுப் படமெடுங்கள். பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை என்பதால், உங்கள் கதாபாத்திரமே அந்தப் பாட்டை முணுமுணுத்தாலும் அனுமதி தேவைப்படும். ஊரில் தவில் வாசிப்பவரையோ கும்மி பாடுபவரையோ எழுத்து மூலம் சம்மதம் பெற்றுப் பதிவு செய்தால், பிரச்சினையும் இல்லை, படத்துக்கு மண்ணின் குரலும் சேரும்.

படி 4: துணைத்தலைப்பு (சப்டைட்டில்)

இந்தப் படிக்குப் படத்தொகுப்புக்கு ஒதுக்கும் அளவுக்கு நேரம் ஒதுக்குங்கள். எல்லைப்புற மனிதர்கள் ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் பேசுவார்கள். எந்த மொழியை யாரிடம் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை அடங்கியிருக்கும். ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வில்லேஜ் ஆபீசில் ஒரு பெரியவர், மகளிடம் “கண்ணாடி எங்க புள்ள?” என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் “சாரே, எவிடெயா ஒப்பிடேண்டது?” (எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?) என்கிறார். குரல் தணிந்து, மொழி மாறி, தோள் குறுகுகிறது. இரண்டு வரியும் ஆங்கிலத் துணைத்தலைப்பில் ஒரே மாதிரி எழுத்தில் வந்தால், போலந்தில் இருக்கும் பார்வையாளருக்குக் கண்ணாடியும் கையெழுத்தும் தெரியும். அந்த மாற்றம் தெரியாது.

மலையாள வரிகள் அனைத்தையும் சாய்வெழுத்தில் இட்டு, படத்தின் தொடக்கத்தில் ‘சாய்வெழுத்து: மலையாளம், நேரெழுத்து: தமிழ்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவிப்பைச் சில விநாடிகள் காட்டுங்கள். சில தளங்கள் சாய்வெழுத்துக் குறியீட்டைப் பொருட்படுத்துவதில்லை. அங்கே மொழி மாறும் இடத்தில் வரியின் முன்னால் மொழியின் பெயரை எழுதலாம்.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எஸ்.ஆர்.டி. கோப்பைத் தயாரிக்கலாம். அதில் ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் ஓர் எண், 00:01:12,400 --> 00:01:14,900 என்பது போன்ற நேரக் குறிப்பு, அதன் கீழே வசனம் என்ற அமைப்பு இருக்கும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரிக்கு 42 எழுத்துகள், விநாடிக்கு 17 எழுத்துகள் என்ற அளவு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். நம் ஆட்கள் வேகமாகப் பேசுவதால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க இடம் இருக்காது. சுருக்குங்கள், ஆனால் உறவுப் பெயர்களை உதறிவிடாதீர்கள். முடிந்ததும் இரு மொழியும் அறியாத ஒருவரைப் படம் பார்க்கச் சொல்லி, கதையைத் திரும்பச் சொல்லக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் திருத்துங்கள்.

படி 5: கோப்பும் அனுப்புதலும்

விழா வேறு அளவு கேட்காவிட்டால், 1920 × 1080 அளவில், ஹெச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில், எம்.பி.4 கோப்பாக எடுத்து, கடவுச்சொல் இட்ட தனி இணைப்பாக விமியோ என்ற காணொளித் தளத்தில் ஏற்றுங்கள். இரண்டு வரிக் கதைச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, படத்திலிருந்து எடுத்த தெளிவான மூன்று நிழற்படங்கள் ஆகியவற்றையும் ஆயத்தமாக வையுங்கள். மொழி என்ற கட்டத்தில் தமிழையும் மலையாளத்தையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்பாவது ஏற்றிவிடுங்கள். ஊரில் மின்வெட்டு வந்தாலும் சமாளிக்கலாம். பிறகு அந்த இணைப்பை வேறொருவர் கைப்பேசியில் திறந்து, துணைத்தலைப்பு தெரிகிறதா, இரு காதிலும் ஒலி வருகிறதா என்று முழுப் படத்தையும் பாருங்கள். முடிவு அறிவிக்கப்படும் வரை கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், கோப்பை நீக்காதீர்கள். தேர்வுக் குழுவினர் உங்கள் படத்தை எந்த நாளில் திறப்பார்கள் என்று முன்னதாகச் சொல்ல முடியாது.