போனை வைத்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்: டர்பன் வீடுகளில் பணம் பறிபோகும் வழிகள்

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி வசிக்கும் பெரியம்மா, மறுநாள் பூஜைக்காகப் பித்தளை விளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். "ஆன்ட்டி, உங்கள் கார்டில் ஜோகன்னஸ்பர்க் கடை ஒன்றில் 8,400 ராண்டுக்குப் பொருள் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியது நீங்கள்தானா?" பெரியம்மா பதறிப்போனார். "பயப்படாதீர்கள், நான் உடனே நிறுத்திவிடுகிறேன். உங்கள் போனுக்கு ஓர் எண் வரும், அதை மட்டும் வாசியுங்கள்." எண் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் வாசித்தார். 23,000 ராண்ட் போய்விட்டது. ஜோகன்னஸ்பர்க் கடையில் யாரும் எதையும் வாங்கியிருக்கவில்லை.

பெரியம்மா விவரம் தெரியாதவர் அல்ல. முப்பது ஆண்டுகள் துணி ஆலையில் தையல் வேலை பார்த்து, தனியாளாக மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். காய்கறிக் கடையில் ஐம்பது சென்ட் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் எந்த இடத்தில் சறுக்கினார் என்பதைப் பார்ப்பதுதான் நமக்கு உதவும்.

"என் பெயர் தெரிந்திருந்தது, அடையாள எண்கூடத் தெரிந்திருந்தது. வெளி ஆளுக்கு அது எப்படித் தெரியும்?" என்று பிறகு என்னிடம் கேட்டார். அங்கேதான் சறுக்கினார். நம்மைப் பற்றிய விவரம் வைத்திருப்பவன் வங்கிக்காரனாகத்தான் இருப்பான் என்று நினைப்பது பழைய காலத்துக் கணக்கு. 2020 ஆகஸ்டில் எக்ஸ்பீரியன் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 2.4 கோடி தென்னாப்பிரிக்கர்களின் விவரங்கள் வெளியாள் ஒருவரின் கைக்குப் போயின. 2022 மார்ச்சில் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் கணினிக்குள்ளும் திருடர்கள் புகுந்தார்கள். நம்முடைய 13 இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதிதான்; அதை ஊகிக்கத் திருடன்கூடத் தேவையில்லை. ஆகவே பெயர், பிறந்த தேதி, முகவரி, கார்டின் கடைசி நான்கு இலக்கம் இவற்றைச் சொல்லிக்கொண்டு ஒருவன் பேசினால், அதனால் அவனைப் பற்றி எதுவும் உறுதியாவதில்லை. திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும் அப்படித்தான். அதையும் போலியாகக் காட்ட முடியும்.

இன்னொன்றை வீட்டுப் பெரியவர்களிடம் நிதானமாக உட்கார்ந்து விளக்குங்கள். ஒரு கார்டை முடக்க வங்கிக்கு நம்மிடமிருந்து எந்த எண்ணும் தேவையில்லை. அவர்கள் இடத்திலிருந்தே முடக்கிவிடலாம். குறுஞ்செய்தியில் வரும் எண்ணும், வங்கிச் செயலியில் "ஒப்புதல் தருக" என்று எழும் கேள்வியும் பணம் வெளியே போவதற்கான கதவுகள். பணம் உள்ளேயே இருப்பதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். "நிறுத்துவதற்காக எண் கொடுங்கள்" என்று ஒருவன் கேட்ட நொடியிலேயே அவன் யார் என்பது தெரிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழுத்திக் கூப்பிடுங்கள். அவன் கொடுத்த எண்ணை அல்ல, குறுஞ்செய்தியில் வந்த எண்ணையும் அல்ல. முகத்தில் அறைந்தாற்போல் போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் தயங்குகிறார்கள். பெரியம்மாவும் தயங்கினார். அந்தப் பையன் அத்தனை பணிவாகப் பேசினானாம். உண்மையான வங்கி ஊழியராக இருந்தால் நீங்கள் போனை வைத்ததற்காக வருந்த மாட்டார்.

அடுத்தது ஏடிஎம் வாசல். அரசின் சமூக நல முகமையான சாஸா தரும் உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் வருகிறது. பெரும்பாலும் முதல் நாள் முதியோருக்கு. அன்று காலையில் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் வரிசை நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையை வேறு சிலரும் பார்க்கிறார்கள். "தாத்தா, இயந்திரம் மெதுவாக இருக்கிறது, இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று நல்ல சட்டை போட்ட ஓர் இளைஞன் பக்கத்தில் வருவான். ஒருவன் பேச்சுக் கொடுக்க, மற்றவன் ரகசிய எண்ணைக் கவனிப்பான். கார்டை எடுத்துத் தருவதுபோல் கையில் வாங்கி, அதே வங்கியின் வேறு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே நிறம். தாத்தா வீட்டுக்கு வந்து, அடுத்த முறை கார்டைப் போடும்போதுதான் அது வேறு யாருடையதோ என்பது தெரியும். அதற்குள் கணக்கு காலியாகியிருக்கும்.

இங்கே செய்யும் தவறு உதவியை ஏற்பது மட்டும் அல்ல. முதல் நாளே போவதும் தவறுதான். அன்றைக்கே எடுக்காவிட்டால் தொகை திரும்பிப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, கணக்கிலேயே இருக்கும். இரண்டு நாள் பொறுத்து, கூட்டம் குறைந்த நேரத்தில் போகலாம். ஏடிஎம்முக்கே போகாமல் ஷாப்ரைட், பிக் அன் பே, பாக்ஸர் போன்ற கடைகளின் கல்லாவிலும் பணம் எடுக்கலாம். கார்டு இயந்திரத்துக்குள் சிக்கிக்கொண்டால் அந்த இடத்தை விட்டு நகராமல், அங்கிருந்தே வங்கியைக் கூப்பிட்டு முடக்கச் சொல்லுங்கள். "எண்ணை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள், வெளியே வரும்" என்று யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள்.

பழைய சோபாவையோ கைப்பேசியையோ இணையத்தில் விற்பவர்களுக்கு: வாங்குபவர் அனுப்பும் "பணம் செலுத்திய ரசீது" வெறும் படம். வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றும் குறுஞ்செய்தியையும் யாரும் தயாரிக்கலாம். உங்கள் கணக்கைத் திறந்து, பணம் வந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். வாசலில் வண்டி காத்திருக்கிறது, ஓட்டுநர் அவசரப்படுகிறார் என்பதெல்லாம் அவர்கள் கவலை.

கடன் தருவதாகச் சொல்லி, முதலில் 'பதிவுக் கட்டணம்' அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முறையாகப் பதிவு செய்த கடன் நிறுவனம் அப்படிக் கேட்காது. கைப்பேசியில் காரணமே இல்லாமல் சிக்னல் நின்று நெடுநேரம் வராவிட்டால், உங்கள் எண்ணை வேறொருவர் புதிய சிம் கார்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். வேறு போனிலிருந்து தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் உடனே கூப்பிடுங்கள். மாதாந்தரக் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். 99 ராண்ட் போன்ற சிறு தொகைகள், கண்ணில் படாது என்ற நம்பிக்கையில்தான் பிடிக்கப்படுகின்றன. நீங்கள் ஒப்புக்கொள்ளாத பற்று என்றால் 40 நாட்களுக்குள் வங்கியில் மறுப்புத் தெரிவித்துத் திரும்பப் பெறலாம்.

முதலீட்டு மோசடியைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அந்நியன் வழியாக வருவதில்லை. சித்தப்பா மகன் வழியாக, கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வழியாக வருகிறது. மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் அப்படித்தான் பரவியது. பிட்காயினைக் கொடுத்தால் கணினி நிரல் தானாக வர்த்தகம் செய்து மாதம் சுமார் 10 விழுக்காடு வரை லாபம் தரும் என்றார்கள். ஆள் சேர்த்தவருக்குத் தனி ஊக்கத்தொகை. எஃப்எஸ்சிஏ எனப்படும் நிதித்துறை நடத்தை ஆணையம் 2020 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. அதற்குப் பிறகும் மக்கள் சேர்ந்தார்கள். டிசம்பரில் அதன் தலைவர் பிரேசிலுக்குத் தப்பிப் போனார். 2021-இல் நிறுவனம் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. ஆரம்பத்தில் சிலருக்குப் பணம் வந்தது உண்மை. அது பின்னால் சேர்ந்தவர்களின் பணம்.

நம் பாட்டிமார் சீட்டுப் பிடித்தவர்கள். பக்கத்துத் தெருவில் ஜூலு நண்பர்கள் ஸ்டாக்வெல் என்ற சேமிப்புக் குழு நடத்துகிறார்கள். இரண்டிலும் ஒரே கணக்கு: பத்துப் பேர் போட்டது பத்துப் பேருக்குத்தான் வரும், எவர் முறை எப்போது என்பது மட்டும் மாறும். உறுப்பினர் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள். "எங்களுடையதும் ஸ்டாக்வெல்தான்" என்று சொல்லி, போட்டதைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்பவரிடம் அந்தக் கூடுதல் யார் பையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிறகு எஃப்எஸ்சிஏவைக் கூப்பிட்டு, அந்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வேறொருவரின் உரிம எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. அண்ணன் சொன்னார் என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அண்ணனே ஏமாந்துகொண்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது பெரியம்மா அடுத்து செய்ததுதான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளி மாலையே அவருக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை பூஜைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சிரித்துக்கொண்டே பிரசாதம் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன் திட்டுவான் என்ற பயம், தெருவில் பேசுவார்கள் என்ற கூச்சம். திங்கள்கிழமைதான் வங்கிக்குப் போனார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டிருந்தால் ஒரு பகுதியையாவது தடுத்திருக்க வாய்ப்பிருந்தது என்று அங்கே சொன்னார்கள். திருடிய பணம் கணக்குக் கணக்காகத் தாவி ஓடிக்கொண்டிருக்கும். அது ரொக்கமாக வெளியே போகும் முன் பிடித்தால்தான் உண்டு.

பிள்ளைகளே, "எப்படி அம்மா இப்படி ஏமாந்தீர்கள்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண்ணை வாங்குங்கள். எஸ்ஏஎஃப்பிஎஸ் எனப்படும் மோசடித் தடுப்புச் சேவையில் அடையாள எண்ணைப் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை; யாராவது அந்த எண்ணில் கடன் வாங்க முயன்றால் நிறுவனங்கள் கூடுதலாகச் சரிபார்க்கும். வங்கியின் பதில் நியாயமாக இல்லை என்றால், 2024 மார்ச் 1 முதல் இயங்கும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் இலவசமாக முறையிடலாம்.

பெரியம்மா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. கார்டின் பின்னால் இருக்கும் எண்ணை அவர் பேத்தி பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழ் தன் எண்ணையும் எழுதியிருக்கிறாள். போன மாதம் மறுபடியும் ஒருவன் கூப்பிட்டான். பெரியம்மா ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டு, முதலில் பேத்தியைக் கூப்பிட்டார்.