ரிசப்ஷனில் ஆட இழுத்தால்

டிஜே பாட்டுக்கு ஆடச்சொல்லி இழுத்தால், அக்காவையோ தம்பியையோ எதிரில் நிறுத்திக்கொண்டு, தாளத்துக்கு ஏற்ப உடம்பின் எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். முழங்கால் லேசாக மடங்கட்டும், கை இடுப்பு உயரத்திலேயே இருக்கட்டும். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் நின்று பலரும் சொதப்புவது ஸ்டெப்பை மறந்துதான். இதில் மறக்க ஒன்றுமே இல்லை. அப்புறம், அந்தக் கடைசி வரிசைக் கூத்தைப் பார்த்துச் சிரித்து முடித்த கூடப்பிறந்தவர் முன்னால் புதிதாகப் போக மானம் ஏது? அவர் முகத்தைப் பார்த்தே ஆடினால் வீடியோக்காரரின் லைட்டும் உறுத்தாது.

வால்ட்ஸ் என்ற மேற்கத்திய ஜோடி நடனத்துக்கு இது சரிவராது. அதில் தாளம் 3 எண்ணிக்கை, இரண்டு கால் கணக்கு இடிக்கும். ஒத்திகை பார்த்து ஆடும் குழு நடனத்திலும் வேண்டாம், தனியாகத் தெரிவீர்கள்.